பாடம் அண்ணன் எழுதாமல் விட்ட விடை

“அண்ணே, இப்ப எந்தப் பாடம் ஓடுது?” என்று விசாரித்துவிட்டு ஏற வேண்டிய ஆட்டோ, புதுக்கோட்டை மாவட்டத்திலேயே அவருடையது ஒன்றுதான். லைசென்ஸில் வேறு பெயர் இருக்கிறது. திருக்கோகர்ணம் ஸ்டாண்டில் அவர் பாடம் அண்ணன். ஐம்பது வயதில் அஞ்சல்வழியில் தத்துவம் படிக்கிறார். மற்ற தாள்களில் தேறிவிட்டார். ‘அறவியல் அறிமுகம்’ மட்டும் பாக்கி. படித்ததை அன்றே நடத்திப் பார்த்துவிடுவார் என்பதுதான் சிக்கல்.

முதல் பாடம், அதிகம் பேருக்கு அதிக மகிழ்ச்சி. அந்த வாரம் நான் அவர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். வழியில் ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு வெயிலில் நின்றது. வண்டியை நிறுத்தினார்.

“சார், நீங்க ஒருத்தரு. அவுங்க நாலு பேரு. மொத்த சந்தோஷத்தை நீங்களே கூட்டிப் பாருங்க.”

கூட்டிப் பார்த்தேன். இறங்கி நடந்தேன்.

இரண்டாம் பாடம், எந்த நிலையிலும் பொய் கூடாது. “ட்ரெயினைப் புடிச்சிரலாம்ல?” என்று பதறிய ஒருவரிடம் “முடியாதுங்க” என்றார். அவர் வீடு திரும்பிவிட்டார். ரயில் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தது.

இந்தப் பாடம் ஓடும்போதா, மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க அன்னவாசலிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா எங்கள் ஸ்டாண்டுக்கு வரவேண்டும்? எங்கள் பக்கம் மாப்பிள்ளையைப் பற்றி அவர் வீட்டில் விசாரிப்பதில்லை; ஆட்டோ ஸ்டாண்டில்தான் விசாரிப்பார்கள். மாப்பிள்ளை செல்வமும் அதே ஸ்டாண்டில் ஓட்டுபவன். மூன்று சம்பந்தங்கள் தட்டிப்போய், இதுவும் போனால் அவ்வளவுதான் என்றிருந்தான். துபாயில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன் என்று தரகர் சொல்லியிருந்தார். உண்மையில் பத்தொன்பது நாள். அம்மா ஞாபகத்தில் அழுதழுது திரும்பியவன்.

மற்ற டிரைவர்கள் எல்லோருக்கும் பதில் சொல்லிக் கொடுத்தாயிற்று. வந்தவரோ, கையில் புத்தகம் வைத்திருப்பவர் நம்பிக்கையான ஆள் என்று நேராகப் பாடம் அண்ணனிடம் போனார்.

“பையன் துபாய்ல எம்புட்டு நாளு இருந்தாப்ல?”

என் பக்கத்தில் நின்ற செல்வம், “மொதப் பாடத்துல இருக்கையில வந்திருக்கக் கூடாதா, சார்” என்று முனகினான்.

பாடம் அண்ணன் புத்தகத்தை மூடினார். செல்வத்தை ஒருமுறை பார்த்தார்.

“ரெண்டு வருசம் இருந்தாப்லங்க.”

அதன்பின் அன்று அவர் சவாரியே எடுக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. அறவியலில் அவர் தோற்றார். ‘பொய் சொல்வது எப்போதாவது சரியாகுமா? சொந்த அனுபவத்துடன் விளக்குக’ என்ற பெரிய கேள்விக்கு ஒரு வரிகூட எழுதவில்லையாம்.

“விடை தெரியலையாண்ணே?” என்றேன்.

“தெரியும் சார். எழுதுனா செல்வம் மாட்டிக்குவான். பேப்பர் திருத்துறவரு அன்னவாசல்காரரா இருந்துட்டா?”

மறுதேர்வு போன மாதம் நடந்தது. தேர்வு மையத்துக்கு அவரைத் தன் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டவன் செல்வம். வாசலில் இறக்கிவிட்டுச் சொன்னான்:

“பத்தொம்பது நாள் கதையை நேத்தே அவகிட்டச் சொல்லிட்டேண்ணே. நீங்க தைரியமா எழுதுங்க.”