மூக்குப்பொடியும் மூன்றாம் வகுப்பும்

பயந்தவனுக்கு வாய் அடைத்துப் போகும். கை மட்டும் சும்மா இருக்காது. இதை நான் கற்றுக்கொண்ட அன்று என் முன்னால் ஒரு வகுப்பே உட்கார்ந்திருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வாத்தியார் நான். (மீசை இருந்தது. அதற்கேற்ற தைரியம் இல்லை.) என் வகுப்பில் செல்வி என்றொரு பெண். பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் வராது. கணக்கை மட்டும் எனக்கு முந்தியே போட்டுவிடுவாள். அவளுக்காகச் சில சைகைகள் வைத்திருந்தேன். நான் மூக்கைத் தொட்டால் எழ வேண்டும். பிடரியைத் தடவினால் உட்கார வேண்டும். மற்ற பிள்ளைகளும் பார்த்துப் பார்த்துப் பழகி, அவளோடு சேர்ந்தே எழுந்தார்கள், சேர்ந்தே உட்கார்ந்தார்கள். என் தொண்டைக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

அப்போதுதான் ஆய்வுக்கு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. செல்வி இங்கேயே படிக்கலாமா, வெளியூர் ஹாஸ்டல் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமா என்று அவர்தான் முடிவு செய்வாராம். ஆய்வு நாள் காலை அவள் அம்மா பள்ளி வாசலிலேயே நின்றாள்.

"சார், அவ என்னை ஒட்டிக்கிட்டுத்தான் தூங்குவா. எப்படியாச்சும் இங்கயே இருக்கட்டும் சார்."

"கவலைப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்ல." (கவலைப்பட அது ஒன்று போதாதா?)

அதிகாரி வந்து என் நாற்காலியில் அமர்ந்தார். கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டுத் திரும்பினேன். மூக்கு நுனியில் வியர்வை சொட்டாகத் தொங்கியது. துடைத்தேன். நாற்பது பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள்.

"என்ன சார், நான் உள்ள வந்தப்பவே எந்திரிச்சாங்களே?"

அவசரமாகப் பிடரியைத் தடவினேன். மொத்தமும் உட்கார்ந்தது.

அதோடு விட்டிருக்கலாம் விதி. அதிகாரி பொடி டப்பியை எடுத்து, ஒரு சிட்டிகையை மூக்கில் வைத்தார். வகுப்பு எழுந்தது. கைக்குட்டையால் பிடரியைத் துடைத்தார். உட்கார்ந்தது. சந்தேகப்பட்டு மெல்ல மூக்கைத் தொட்டுப் பார்த்தார். எழுந்தது.

"யோவ், என்னைக் கிண்டல் பண்ணச் சொல்லிக் குடுத்திருக்கியா?"

'இது செல்வியோட பாஷை சார், இங்க எல்லாருக்கும் தெரியும்.' நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். என் நாக்கு சொன்னது: "எக்... எக்சர்சைஸ் சார்."

அவரோடு வந்திருந்த தலைமை ஆசிரியர்தான் தயங்கித் தயங்கி விஷயத்தை உடைத்தார். அதற்குள் அதிகாரியின் முகம் சிவந்துவிட்டிருந்தது.

"ஒரு புள்ளைக்குக் காது கேக்கலைன்னு நாப்பது புள்ளைங்களையும் ஊமையாக்கி வச்சிருக்கீங்க. ஹாஸ்டலுக்கே அனுப்பிடுங்க."

இத்தனை கூத்திலும் செல்வி தன் சிலேட்டைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தாள். விடை சரி. யாரும் பார்க்கவில்லை. (நான் பார்த்தேன். என்ன பிரயோஜனம்?)

ஜூன் மாதம், திருச்சி ஜங்ஷன். செல்வியை அவள் அப்பா அழைத்துக்கொண்டு ரயிலேறினார். பிளாட்பாரத்தில் நின்ற அம்மா என்னைக் கேட்டாள்:

"ராத்திரி தாகம் எடுத்தா, அங்க யாரை சார் எழுப்புவா?"

எனக்கு மூக்குதான் ஒழுகியது. துடைத்துக்கொண்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த செல்வி சட்டென்று எழுந்து நின்றாள். வண்டி நகர்ந்தது. பிடரியைத் தடவ வேண்டும் என்று அந்தப் பதற்றத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா கையைப் பிடித்து இழுத்தும் உட்காராமல், என்னையே பார்த்தபடி, நின்றுகொண்டே போனாள்.

பொடி டப்பி வரைக்கும்தான் இந்தக் கதையை வீட்டில் சொல்லியிருக்கிறேன். எனக்கு ஜலதோஷம் பிடித்தால் போதும். "டேய், அப்பா மூக்கைத் தொட்டுட்டாருடா!" என்று மகள் கத்துவாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மகன் தட்டோடு எழுவான். வந்திருக்கும் விருந்தாளியையும் எழுப்பிவிடுவார்கள். வீடே சிரிக்கும், நானும் சிரிப்பேன்.

என் மனைவி மட்டும் எழுந்திருக்க மாட்டாள். அன்றைக்கு ஜங்ஷனுக்கு அவளும் வந்திருந்தாள்.