நாமக்கல்லில் ஒரு ஹீட்டர் ரிப்பேர்

நாமக்கல்லில் லாரி வாங்கும் எவனும் ஹீட்டர் ஊதுகிறதா என்று பார்த்து வாங்குவதில்லை. இங்கே ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும், இலவசமாக ஊதும். அப்படிப்பட்ட ஊரில் லாரி ஹீட்டரால் குடும்பத்தில் குழப்பம் வந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பெயர் சின்னராஜ். என் லாரிக்கு முதலாளி, டிரைவர், கிளீனர் மூன்றும் நானே. வீட்டுக்குள் நுழையும்போது முதல் இரண்டு பேரும் வாசலிலேயே நின்றுகொள்வார்கள்.

மகள் தனப்பிரியாவைப் பள்ளிபாளையத்தில் கட்டிக் கொடுத்த பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அந்த வெறுமையில்தான் என் மனைவி கமலவேணிக்கு ஓர் ஆசை முளைத்தது.

"ஏனுங்க, இந்தத் தடவை காசுமீருக்கு நானும் வாரேனுங்க."

ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு டெல்லி போவேன். அங்கே இறக்கிவிட்டுக் காஷ்மீர் போய் ஆப்பிள் ஏற்றி வருவேன். இதுதான் என் பிழைப்பு. இது கார்த்திகை மாதம் வேறு.

"காசுமீரு என்ன ஈரோடா புள்ள? கை காலெல்லாம் வெறைச்சுப் போயிரும்."

"நீங்க வெறைக்காமத்தான வந்து சேர்றீங்க?"

"எனக்குப் பழகிப் போச்சு."

"எனக்கும் பழகிக்குமுங்க."

"வண்டில ஹீட்டரு ஊத மாட்டேங்குது கமலா. அது மட்டும் சூடா ஊதட்டும், நானே உன்னயக் கூட்டிட்டுப் போறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன். அவள் கையில் போன். போனில் மகள். "அப்பா சொன்னது நல்லாக் கேட்டுச்சும்மா" என்றது போன். வாக்குறுதி கொடுத்த அதே நிமிஷத்தில் சாட்சியும் பதிவாகிவிட்டது.

உங்களிடம் சொல்வதற்கென்ன. ஹீட்டரில் ஒரு கோளாறும் இல்லை. எஞ்சினில் கொதிக்கிற தண்ணீர் ஒரு ரப்பர் குழாய் வழியாகக் கேபினுக்குள் வரும். அதன்மேல் விசிறி காற்றை அடித்தால் சூடாக ஊதும். ஹீட்டர் என்பது அவ்வளவுதான். ஒரு சித்திரை மாதத்து வெயிலில் வெந்துபோய், அந்தக் குழாயை நானே கழற்றி, தண்ணீர் கேபினுக்கு வராமல் எஞ்சினுக்கே திரும்பும்படி மாட்டிவிட்டேன். திரும்ப மாற்ற அரை மணி நேரம் போதும். மாற்றத்தான் மனசில்லை.

ஏனென்றால், கமலவேணிக்குத் தெரிந்த சின்னராஜ் வேறு. அவன் வடக்கே போனால் லாட்ஜில் தங்குவான், சூடாகச் சப்பாத்தி சாப்பிடுவான், இந்தியில் வெளுத்து வாங்குவான். உண்மையான சின்னராஜ் லாரிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சோறு பொங்குவான், பெட்ரோல் பங்க் குழாயில் குளிப்பான், குடோன் வாசலில் இரண்டு நாள் குத்துக்காலிட்டுக் காத்திருப்பான். நேற்று முளைத்த பையன்களிடம் திட்டு வாங்கிவிட்டு, அர்த்தம் புரியாமல் சிரிப்பான். அவனுக்குத் தெரிந்த இந்தி, முன்னே, பின்னே, எவ்வளவு என்பதற்கான "ஆகே", "பீச்சே", "கித்னா" மட்டும். இந்த ஆளை அவள் பார்க்கக் கூடாது. பார்த்தால் அழுதுவிடுவாள். அவள் அழுதால் அதன்பிறகு என்னால் வண்டி ஓட்ட முடியாது.

ஆகவே, ரிப்பேர் பண்ணாமல் ரிப்பேர் பண்ணுவது என்று முடிவெடுத்தேன். ஸ்பேனரும் கையுமாக லாரிக்கு அடியில் படுத்தேன். நல்ல நிழல். ஒரு குட்டித் தூக்கமும் போட்டேன்.

"என்னங்க ஆச்சு?" டீயோடு வந்து நின்றாள்.

"தெர்மோஸ்டாட்டு."

"அப்பிடின்னா?"

"அது உனக்குப் புரியாது."

மறுநாள் ஏர்லாக் என்றேன். அதற்கு அடுத்த நாள் எனக்கே புரியாத ஒரு பெயரைச் சொன்னேன். கடைசியில் உச்சி வெயிலில் அவளை ஏற்றி உட்கார வைத்து, விசிறியைப் போட்டுக் காட்டினேன். "பாத்துக்க. சூடு வருதா? வராது."

அவள் கையை நீட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "சூடாத்தானுங்க வருது."

நானும் கையை வைத்தேன். அடுப்படி மாதிரி அடித்தது. நாமக்கல் வெயில் என் காலை வாரிவிட்டது.

"இது வெயிலு புள்ள. ஹீட்டரு இல்ல."

"எதா இருந்தா என்னங்க, ஊதுதல்ல?"

"வெயிலயுமா காசுமீருக்குக் கூட்டிட்டுப் போக முடியும்? வெடியக் காலைல பாப்போம்."

விடியலில் பார்த்தோம். குளுகுளுவென்று ஊதியது. அவள் சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஜெயித்துவிட்டேன். ஆனால் அந்தத் தலைப்பை அவள் இழுத்த விதத்தைப் பார்த்ததும், ஜெயித்தது ஒரு மாதிரியாக இருந்தது.

"பெரிய மெக்கானிக்குக யாருகிட்டயாச்சும் காட்டலாமுங்களா?"

"நம்ம ஊருல ஹீட்டருன்னா குளிக்கறதுக்குத் தண்ணி காய்ச்சறதான்னு கேப்பாங்க கமலா."

"அப்பச் சரீங்க" என்றாள். சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டதே கிடையாது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள், "நீங்க போனா ஊட்டுல நான் மட்டும் என்னங்க பண்றது? புள்ள ஊட்டுக்குப் போறேன்" என்று ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிபாளையம் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, "நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள். பஸ் கண்ணை விட்டு மறையும்வரை நின்றேன். வழக்கமாக அவள்தான் வாசலில் நின்று என்னை அனுப்புவாள். நான் நின்று அவளை அனுப்பியது அதுதான் முதல் தடவை. அந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த நாள் விடியலில் யாரிடமும் "வாரேன்" என்று சொல்லாமல் வண்டியை எடுத்தேன். சேலம் தாண்டும்போது தூறல் பிடித்தது. தொப்பூர் ஏற்றத்தில் முன்கண்ணாடி முழுக்கப் புகைபோல ஆவி படிந்துவிட்டது. அதை விரட்ட விசிறியைப் போட்டேன்.

கண்ணாடி தெளிந்தது. காலில் இளஞ்சூடு ஏறியது. வெளியே பார்த்தேன், வெயில் இல்லை. கையை வைத்தேன். சுகமான, நிஜமான சூடு.

யார் மாற்றியது என்று நான் குழம்பி முடிப்பதற்குள், சீட்டுக்குப் பின்னால் படுக்கிற பலகையை மறைத்திருந்த திரை விலகியது. ஸ்வெட்டரும் குல்லாவுமாக ஓர் உருவம் எட்டிப் பார்த்தது.

"ரோட்டப் பாருங்க. என்னய அப்பறம் பாத்துக்கலாம்."

"நீ எங்கடி இங்க?"

"நாலு மணிக்கெல்லாம் மாப்பள காருல கொண்டாந்து உட்டுட்டாருங்க. ஊட்டுல கெடந்த இன்னொரு சாவிய அன்னைக்கே பையில போட்டுக்கிட்டேன்."

"ஹீட்டரு?"

"நீங்க லோடு ஆபீசுக்குப் போயிருந்தப்ப லேத்துப் பட்டறை தனசேகரு தம்பியக் கூட்டியாந்து காட்டுனேன். ஆரோ வேணும்னே கொழாய மாத்தி உட்டுருக்காங்கக்கான்னு சொல்லி, அரை மணி நேரத்துல சரி பண்ணிக் குடுத்துருச்சு. ஆருன்னு நான் கேக்கலீங்க."

ஓரமாக நிறுத்தினேன். இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது?

"கமலா, அங்க லாட்ஜெல்லாம் கெடையாது. ரோட்டோரந்தான் சமையலு. பங்க்குலதான் குளியலு. நீ பாத்தியின்னா மனசு தாங்க மாட்ட."

"தெரியுமுங்க."

"எப்பிடி?"

"உங்க துணியத் தொவைக்கறது ஆருங்க? லாட்ஜுல தங்கறவங்க பனியன்ல ஸ்டவ்வுப் பொகையும் ரோட்டு மண்ணும் எங்கிருந்து வருமுங்க? இத்தன வருசமா அதுல எல்லாத்தையும் பாத்துட்டேன். இனி நேருல பாத்தா என்ன?"

அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன். பிடித்த கையை அவள் விடுவிக்கவில்லை. லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

"திரும்பி ஊட்டுக்குப் போயிரலாமா?" என்றேன், கடைசி முயற்சியாக.

அவள் பலகையிலிருந்து இறங்கி வந்து, பக்கத்துச் சீட்டில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டாள். குல்லாவைக் கழற்றி மடியில் வைத்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வண்டிய எடுங்க. அதுக்கு முந்தி அந்தச் சூட்டக் கொஞ்சம் கொறைங்க, வேர்த்து ஊத்துது."

குறைத்தேன்.