பிளாட்பாரத்தில் என்னைக் காணவில்லை

உப்பளம், புதுச்சேரி
சனிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஜானகிராமன் அவர்களுக்கு, தங்கள் தங்கை நிர்மலாவின் கணவன் கமலக்கண்ணன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் நிர்மலாவும், என் முட்டிகள் இரண்டு நீங்கலாக, சுகம். பிரான்சில், துலூஸில் தாங்களும் மகள் மேனகாவும் மாப்பிள்ளையும், குளிர் நீங்கலாக, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று விமானம் ஏறியவர் இப்போது இரண்டாவது குளிர்காலத்தைப் பார்க்கிறீர்கள். நிர்மலா உங்களுக்கென்று எடுத்து வைத்த நார்த்தங்காய் ஊறுகாயை நாங்களே சாப்பிடத் தொடங்கிவிட்டோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நம் பொம்மை ரயில் சங்கத்து ரயில் குரூப்பில் எழுதினால் மற்ற மூவரும் படித்துவிடுவார்கள். குடும்ப குரூப்பில் எழுத எனக்கு இனி முகமில்லை, காரணம் கீழே வரும். உங்களுக்குத் தனியாக அனுப்பினால் இரண்டு நீலக் குறி விழுகிறது, பதில் விழுவதில்லை. கடிதத்தில் அந்த வசதி கிடையாது. நீங்கள் படித்தீர்களா இல்லையா என்று எனக்குத் தெரியவே போவதில்லை. என் வயதுக்கு அது ஒரு நிம்மதி.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டு மாடியில், நீங்கள் மேசை மேல் கட்டிய பொம்மை ரயில் லேஅவுட்டில், புதுச்சேரி ஸ்டேஷனின் முதல் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்த என் பொம்மையைக் காணவில்லை.

சங்கத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும் பிளாட்பாரத்தில் ஒரு பொம்மை என்ற வழக்கத்தை ஏற்படுத்தியவர் நீங்கள். ரயிலும் ஊரும் எண்பத்தேழில் ஒரு பங்காகும்போது ஆளும் ஆகத்தான் வேண்டும் என்று சொல்லி, ஜெர்மனியிலிருந்து பாக்கெட்டில் வந்த கோட்டுக்காரர்களையும் தொப்பிக்காரர்களையும் பிளேடால் சீவி, சாயம் பூசி, எங்களாக ஆக்கினீர்கள். எனக்குச் சாம்பல் நிறக் கால்சட்டை. அந்தச் சமயம் என் இடது செருப்பின் வார் அறுந்து சிவப்பு நூலால் தைத்துப் போட்டிருந்தேன் என்பதற்காக, ஒற்றை மயிர்த் தூரிகையால் பொம்மையின் இடது காலிலும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தீர்கள். இரண்டு நகம் உயரத்துக்குக் குறைந்தும் என் கூன் குறையவில்லை, அத்தனை நேர்த்தி. உங்கள் பொம்மையின் கையில் இருந்த சூட்கேஸ் மட்டும் பிரிந்து வரவில்லை. சீவினால் கையும் சேர்ந்து வரும் என்று விட்டுவிட்டீர்கள். எங்களுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அடுத்தவர் பொம்மையைத் தொடக்கூடாது என்றும் ஒரு சட்டம் வைத்திருந்தீர்கள். நீங்கள் விமானம் ஏறிய வாரமே அந்தச் சட்டமும் கூடவே ஏறிவிட்டது. நம் சங்கத்தில் யாரும் வாய் திறந்து சண்டை போடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடினால் பேச்செல்லாம் பசை, தண்டவாளம், பீர்க்கங்காய் நாரில் மரம் செய்வது, டீயில் சர்க்கரை இவற்றைப் பற்றித்தான். கருத்து வேறுபாடுகளைப் பொம்மைகள் பார்த்துக்கொள்ளும். உதாரணத்துக்கு, ஜெராக்ஸ் கடை செம்மலுக்கும் பேங்க் மேனேஜராக ஓய்வு பெற்ற இளஞ்செழியனுக்கும் நடந்ததைச் சொல்கிறேன். செம்மல் வண்டி ஓட்டினால் வேண்டுமென்றே தாமதமாகத்தான் ஓட்டுவான்.

"விழுப்புரம் பாசஞ்சரு இன்னைக்கு லேட்டு சார்" என்றான்.

"இன்னாத்துக்கு லேட்டு? கரண்டு இருக்குது, லைனு காலியா கெடக்குது."

"கிராசிங்குக்காக வில்லியனூர்ல போட்டுட்டாங்க சார்."

"யாருய்யா போட்டாங்க?"

"நான்தான்."

"ஒலகத்துல இந்த ஒரு வண்டியாச்சும் நேரத்துக்கு ஓடட்டும்னுதான் நான் மாடிப்படி ஏறி வர்றேன்."

"நேரத்துக்கு ஓடுனா அது பொம்ம ரயிலு சார். லேட்டா வந்தாதான் நெசம்."

அப்புறம் இருவரும் ஒருவர் வீட்டை ஒருவர் அன்போடு விசாரித்துக்கொண்டு டீ குடித்தார்கள். அடுத்த வாரம் பார்த்தால் இளஞ்செழியனின் பொம்மை கழிவறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதற்கடுத்த வாரம் செம்மல் பார்சல் ஆபீசில், தராசின் மேல் இருந்தான். இரண்டு பேரும் பார்த்தார்கள். "டீ ஆறிடப் போவுது" என்று மட்டும் சொல்லிக்கொண்டார்கள்.

இப்போது என் குற்றம். ஐப்பசி மழையில் மாடிக் கூரை, சரியாக வளவனூர் ஸ்டேஷனுக்கு மேலே ஒழுகியது. அன்று சாவியோடு போனவன் நான் ஒருவன்தான். தண்டவாளத்துக்குக் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் வாளியை வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் வாளி நிறைந்து பலகை வழுக்கி வளவனூரே இல்லை. பிறப்பு இறப்புப் பதிவில், ஊரில் பழைய ஆட்கள் இன்னும் பிரெஞ்சில் எத்தா சிவில் என்று சொல்லும் அந்தப் பிரிவில், ஒரு ஆயுசு முழுக்க உட்கார முடியாமல் கவுண்டரில் நின்று வேலை பார்த்தவன் நான். நடந்ததை நடந்தவுடன் பதிந்துவிட வேண்டும் என்பது எனக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். எனவே அங்கேயே நின்று இப்படி எழுதினேன்: "வளவனூர் ஸ்டேஷன் முழுசா போச்சு. மூணு பேரு சேத்தோட ஒட்டிக் கெடக்கறாங்க, ஒருத்தருக்குத் தலை இல்ல. கெடச்சவங்கள அள்ளி டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன். யாரும் பதற வேணாம்." எழுதியதில் தவறில்லை. அது போய்ச் சேர்ந்தது ரயில் குரூப்புக்கு இல்லை, குடும்ப குரூப்புக்கு.

உங்கள் சித்தப்பா சின்னக்கண்ணு வளவனூர் ஸ்டேஷனுக்குப் பின்னால்தான் குடியிருக்கிறார். அவர் குடையை எடுத்துக்கொண்டு பாதித் தெருவோடு ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கிறார். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒன்றும் நடக்கவில்லையே என்றார்களாம். இவர்கள் நம்பவில்லை. மறைக்கிறார்கள் என்று முடிவு செய்து தண்டவாளம் நெடுகத் தேடியிருக்கிறார்கள். கடைசியில் எனக்குப் போன் வந்தது.

"யோவ் மாப்ள, தல எங்கய்யா?"

"டப்பாவுல இருக்குது மாமா."

அதற்குப் பிறகு நம் உறவினர்கள் என்னோடு பேசும்போது சற்றுத் தள்ளித்தான் உட்காருகிறார்கள். அது போகட்டும். வளவனூரைக் கவிழ்த்ததற்கு ரயில் நண்பர்கள் என்ன செய்யப்போகிறார்களோ என்பதுதான் என் கவலையாக இருந்தது. அவர்கள் கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் செந்தமிழ்ச்செல்வியை நீங்கள் பார்த்ததில்லை. கோரிமேட்டில் எலும்பு வார்டில் நர்ஸ், ஞாயிறு தோறும் டியூட்டி முடிந்து பஸ் பிடித்து வருகிறாள். அவள் "வுடுங்கண்ணா, வளவனூரு போனா போவுது, கட்டிக்கலாம்" என்றாள். நம் சங்கத்தில் இத்தனை அன்பாகப் பேசினால் பொம்மைக்கு ஆபத்து என்று அர்த்தம். அடுத்த ஞாயிறு போனேன், பிளாட்பாரத்தில் நான் இல்லை.

நேரடியாகக் கேட்க நம் சங்கத்தில் வழக்கமில்லை. "பிளாட்பாரத்துல கூட்டம் கொறஞ்சாப்புல இருக்கே" என்றேன், பொதுவாக.

"சீசன் இல்ல சார்" என்றான் செம்மல், வேப்பமரத்துக்குப் பசை தடவிக்கொண்டே.

"முட்டி எப்டி இருக்குது சார்?" என்றார் இளஞ்செழியன்.

"இருக்குது."

"குனிய முடியுதா?" என்றாள் செல்வி.

முடியவில்லை என்றேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லேஅவுட்டின் நடுவில் இருக்கும் காலி இடத்தில் நின்று வண்டி ஓட்ட வேண்டுமென்றால் மேசைக்கடியில் குனிந்து நுழைய வேண்டும் என்பது நீங்கள் செய்துவைத்த ஏற்பாடு. என் முட்டி அதற்கு ஒப்பாமல் போய் வெகுநாளாயிற்று. வாசல் பக்கம் நாற்காலி போட்டு, புதுச்சேரியில் புறப்பட்ட வண்டி விழுப்புரம் போய்ச் சுற்றிக்கொண்டு மறுபடி புதுச்சேரிக்கே வருவதை வேடிக்கை பார்ப்பவன் நான். அந்த நாற்காலியிலிருந்தே தேடினேன். கழிவறைப் பக்கம் இல்லை. பார்சல் ஆபீஸ், கூட்ஸ் ஷெட், மேம்பாலத்துக்கு அடியில், எங்கும் இல்லை. அதற்கடுத்த வாரமும் முட்டி எப்படி இருக்கிறது, குனிய முடிகிறதா என்று அதே விசாரிப்பு, அதே டீ.

போன ஞாயிறு பசை எடுக்க மேசை டிராயரைத் திறந்தேன். ஒரு தீப்பெட்டி இருந்தது. உள்ளே ஏதோ குலுங்கியது. திறந்தால் இரண்டு கால்கள். முட்டிக்குக் கீழே, பிசிறில்லாமல், தொழில் தெரிந்த கையால் வெட்டப்பட்டிருந்தன. சாம்பல் நிறக் கால்சட்டை. இடது காலில் சிவப்புப் புள்ளி.

மச்சான், எத்தனையோ பேரின் சாவை நான் என் கையால் எழுதியிருக்கிறேன். இதை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. வெறும் காலை மட்டும் கொண்டுவந்து இறப்பைப் பதியச் சொன்னால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன். தீப்பெட்டியை மூடி இருந்த இடத்தில் வைத்தேன். "முட்டி எப்டி இருக்குது சார்?" என்று பின்னாலிருந்து இளஞ்செழியனின் குரல் வந்தது. இவ்வளவு மென்மையாக ஒரு மனிதனை மிரட்ட முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து நிர்மலாவிடம் சொன்னேன். "பொம்ம காலுக்குப் போயி மொகத்த இப்டி வெச்சிக்கினு இருந்தா நான் இன்னா பண்றது? ஒங்க காலு ரெண்டும் இருக்குதா? இருக்குதில்ல? சாப்புட வாங்க" என்றாள்.

அவளுக்குச் சொல்லிப் புரியாது, உங்களுக்குப் புரியும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் சான்றிதழ் வாங்கியவர்கள் யாரும் இன்று தெருவில் என்னைக் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்ளவும் வேண்டாம், என்னைப் பார்த்தால் அவர்களுக்கு யார் செத்தது என்றுதான் ஞாபகம் வரும். வாரத்தில் ஒரு சாயங்காலம், இது கமலக்கண்ணன் நிற்கிற இடம் என்று சொல்ல உலகத்தில் எனக்கு ஒரு நகத்தளவு பிளாட்பாரம் இருந்தது. அதைக் கொடுத்தவர் நீங்கள். ஆகவே நீங்கள் வந்து கேளுங்கள், இல்லையென்றால் குரூப்பில் ஒரு வரியாவது எழுதிக் கேளுங்கள். இரண்டும் முடியாதென்றால் இதையே என் விலகல் கடிதமாக எடுத்துக்கொள்ளவும். லேஅவுட்டில் ஓடும் என் நீல இன்ஜினை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். என் சாவியை நாளை நானே போய், வண்டி ஓட்டும் இடத்துப் பலகையில் நீங்கள் அடித்த ஆணியில் மாட்டிவிடுவேன்.

மேனகாவுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் முழு உருவத்தோடும் இருக்க இறைவன் அருளட்டும். வெளியே போகும்போது காலுறை போட்டுக்கொள்ளவும், இருக்கும்போதே பேணிக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
முட்டிக்கு மேல் மட்டும் தங்களுடையவனாகிய
கமலக்கண்ணன்

பின்குறிப்பு (திங்கட்கிழமை): ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். நேற்று சாவியை மாட்டப் போனேன். மூவரும் இருந்தார்கள். யாரிடமும் பேசாமல், வருவது வரட்டும் என்று குனிந்து மேசைக்கடியில் நுழைந்துவிட்டேன். நுழைந்தவனால் நிமிர முடியவில்லை. மண்டி போட்டபடி, வில்லியனூர் ஸ்டேஷன் ஓரத்தில் மோவாயை வைத்துக்கொண்டு இருந்தேன். அப்போது விழுப்புரம் பாசஞ்சர் வந்தது, தாமதமாகத்தான். உட்பக்கத்து ஜன்னலில் ஒருவர் கையை வெளியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"என்னை ஏன் வெட்டுனீங்க?" என்றேன், அதே நிலையில்.

"சீட்டுக்குக் கீழ காலுக்கு எடமில்ல சார்" என்றான் செம்மல். "எல்லா பாசஞ்சரையும் வெட்டித்தான் உக்கார வெப்பாங்க. ஜெர்மன்காரனே அப்டித்தான் பண்றான்."

"நின்னு நின்னே முட்டி போச்சுன்னு வாரா வாரம் நீங்கதானேண்ணா சொல்லிக்கினு இருந்தீங்க" என்றாள் செல்வி. "கேக்கவே சங்கடமா இருந்துச்சு. அதான் உக்கார வெச்சிட்டோம். குனிஞ்சி இந்தாண்ட வந்தா நீங்களே பாத்துட்டு சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சோம். நீங்க குனியவே இல்ல."

"ஜன்னலோரம் நான்தான் கேட்டு வாங்கினேன்" என்றார் இளஞ்செழியன். "காத்து வர்ற பக்கம்."

மூன்று பேருமாக என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். சாவி என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆகவே மேலே எழுதியதில் உடல்நலம் பற்றிய பகுதி தவிர மற்ற எதையும் படித்ததாக வைத்துக்கொள்ள வேண்டாம். அவர்களை ஒன்றும் கேட்கவும் வேண்டாம். தீப்பெட்டியை எனக்கே கொடுத்துவிட்டார்கள், நிர்மலா அதை மருந்து டப்பாவில் வைத்திருக்கிறாள்.

உங்கள் பொம்மை பற்றியும் பேச்சு வந்தது. அதே இடத்தில் சூட்கேஸோடுதான் நிற்கிறது. வாரா வாரம் தூசி தட்டுகிறோம். "ஜானகிராமன் ஐயாவுக்கும் வயசாவுது, அவரையும் உக்கார வெச்சிடலாமா?" என்று செல்வி பிளேடைக் கையில் எடுத்தாள். செம்மல் வண்டியைப் பிளாட்பாரத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். நான்தான் வேண்டாம் என்றேன். அவருக்குக் கால் இருக்கட்டும், நடந்து வரவேண்டியவர்.