ஒப்புநோக்கியும் இருபது சென்ட் புல்லும்

உலகத்தில் பொருள் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், வாங்காதவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டிலும் சேராமல், ஆயுள் முழுவதும் வாங்கப் போகிறவர்களாகவே இருந்துவிடுகிற மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் ஒப்புநோக்கி. ஏதோ பறவையின் பெயர் மாதிரி இருக்கிறதா? பறவையேதான். கிளைக்குக் கிளை தாவும், ஒன்றிலும் கூடு கட்டாது. கடைக்காரர்கள் இதைத் தெருமுனையிலேயே அடையாளம் கண்டுகொண்டு, சாப்பாட்டு நேரம் என்று சொல்லி உள்ளே போய்விடுவார்கள்.

இந்த இனத்தில் கலப்படமில்லாத ஒருவரைப் பார்க்க வேண்டுமானால், திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு போகும் சாலையில் வெங்கடேஸ்வரன் வீடு எது என்று கேளுங்கள். தணிக்கை அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் மற்றவர்கள் வாங்கிய சாமான்களில் குற்றம் கண்டுபிடித்தே ஓய்வு பெற்றவர். நகரத்தில் கோட்டைக்குள், சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் மூச்சு முட்ட இருந்தது போதும் என்று, இங்கே முப்பது சென்ட் மனையும் வீடுமாக வாங்கிக் குடிவந்தார். (வாங்கினாரா? அவர் மனைவி லலிதாம்பாள் வாங்கினார். நம்மவர் அப்போது வேறு பதினோரு மனைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.) அந்த முப்பதில் இருபது சென்ட் வெறும் புல்தரை.

சித்திரையில் மகள் பத்மப்ரியாவுக்கு வரன் குதிர்ந்தது. பையன் பெயர் சாய். ஆவணியில் நிச்சயதார்த்தம்.

"மண்டபம் எதுக்காக்கும்? நம்மாத்து லான் இருக்கே. புல் வெட்ட ஒரு மோவர் வாங்கிட்டாப் போறும், ஜம்முனு ஆயிடும்" என்று சொன்னவர் வெங்கடேஸ்வரன்தான். பெண்ணுக்கு ஏக சந்தோஷம். சாய் வீட்டாரிடமெல்லாம் புல்தரையில்தான் விசேஷம் என்று சொல்லியாகிவிட்டது. அன்றைக்குப் புல் கணுக்காலுக்குக் கீழே, அடக்க ஒடுக்கமாகத்தான் இருந்தது.

ஒப்புநோக்கி ஒரு பொருளை வாங்க வேண்டுமென்று நினைத்ததும் முதலில் செய்வது என்ன? கடைக்குப் போவதா? சிவ சிவா. ஒரு நீள நோட்டு வாங்கும். அந்த நோட்டை எந்தக் கடையில் வாங்கலாம் என்பதில் ஒரு வாரம் போகும். வெங்கடேஸ்வரன் நோட்டில் கோடு போட்டு, நாடா பிடித்துப் புல்தரையை அளந்து, கிணற்றடியைக் கழித்து, பலாமரத்தின் தூரைக் கழித்து, சென்ட்டைச் சதுர மீட்டராக்கி, அது சரிதானா என்று மறுபடி சதுர மீட்டரைச் சென்ட்டாக்கி, நடுவில் அரை சென்ட் காணாமல் போனதை இரண்டு நாள் தேடினார். மின்சார மோவருக்கு வயர் எட்டாது, ஆகவே பெட்ரோல்தான் என்று தீர்மானித்தபோது வைகாசி பிறந்துவிட்டது. அந்தத் தீர்மானத்தையே ஒரு சாதனை மாதிரி மனைவியிடம் சொன்னார். அவரும் ஒரு டம்ளர் காப்பி கூடுதலாகக் கொடுத்தார்.

பிறகு கடை. நகரத்தில் சாலைக் கடைத்தெருவில் விவசாயக் கருவிகள் விற்கும் கடையில் ஷைஜு என்று ஒரு விற்பனையாளர், பொறுமைசாலி, அதுவரைக்கும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இருபத்தோரு அங்குல அகலத்தில் வெட்டுவதாய், தானே நகர்வதாய், பெட்ரோலில் எண்ணெய் கலக்கத் தேவையில்லாததாய் ஒரு நல்ல மெஷினைக் காட்டினார்.

"இருபது சென்ட்டுக்கு ஈ மெஷின் மதி, சாரே."

"மதியோ?"

"தாராளம் மதி."

"செரி. இதுக்கு மேல உள்ளது எதாக்கும்?"

இங்கே ஒரு சின்ன இலக்கணம் சொல்லிவிடுகிறேன். மதி என்றால் தமிழில் அறிவு, மலையாளத்தில் போதும். திருவனந்தபுரத்துத் தமிழர்கள் இரண்டையும் ஒரே வாயால் சொல்லிப் பிழைக்கிறவர்கள். நம்மவரிடம் முதல் மதி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. இரண்டாவதுதான் மருந்துக்கும் கிடையாது.

கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். பயம். இருபத்தாறு வயதில், பார்த்த மாத்திரத்தில் ஆசைப்பட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கினார். அது நான்கு வருஷமும் இடப்பக்கம் சாய்த்தால்தான் கிளம்பியது. தினமும் மாலை ஐந்து மணிக்கு அவர் அதைச் சாய்ப்பதைப் பார்க்க அலுவலகமே வாசலில் நிற்கும். அப்போது ஒருவர் தலையை ஆட்டி, "அய்யோ, இதையோ வாங்கினது?" என்று கேட்டாரே, அந்தக் கேள்வி முப்பத்தெட்டு வருஷமாக அவர் காதில் ரீங்காரம் போட்டுக்கொண்டிருக்கிறது. பாவம், மனுஷன். அந்தக் கேள்வியை இன்னொரு தரம் கேட்காமல் செத்துப்போனால் போதும் அவருக்கு.

ஆகவே விசாரணை தொடர்ந்தது. ஒப்புநோக்கி விற்கிறவனை நம்பாது. வாங்கி வருந்துகிறவனைத்தான் தேடிப் போகும். பொன்முடி மலையில் ஒரு விடுதியில் மோவர் இருக்கிறதாம் என்று யாரோ சொல்ல, நம்மவர் பஸ் பிடித்து, கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே மேலே போனார். காவல்காரர் கொட்டகையைத் திறந்து காட்டினார். மோவர் இருந்தது; அதன் புல் பையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"இது ஓடி நான் கண்டதே இல்ல, சாரே. பெட்ரோலுக்கு யாரு கீழ எறங்குறது? இங்க ஆடு மதி" என்றார் காவல்காரர்.

இறங்கும் வழியில் கல்லாறு டீக்கடையில் டீ குடித்துக்கொண்டே வெங்கடேஸ்வரன் நோட்டில் குறித்துக்கொண்டார்: 'சரிவுக்குப் பின்சக்கரம் பெரியதாக வேண்டும்.' அவருடைய தோட்டமோ தோசைக்கல் மாதிரி மட்டம்.

இதற்குள் இடவப்பாதி என்று மலையாளத்தார் சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது. புல் யாரையும் விசாரிப்பதில்லை. மழை வந்தால் வளரும், அவ்வளவுதான். கணுக்காலிலிருந்து ஆடுசதைக்கு ஏறியது. ஈரப் புல் மோவரில் சிக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு, காயட்டும் என்று காத்திருந்தார். திருவனந்தபுரத்தில், ஆடி மாதத்தில், காயட்டும் என்று. காய்ந்த அன்று போய்க் கேட்டால், "இத்தற உயரம் வளந்தா மோவர் நின்னுடும் சாரே, முதல்ல ஒரு தரம் கையால வெட்டணும்" என்றார் ஷைஜு. அப்படியானால் கையால் வெட்டுவதற்கு எந்த அரிவாள் நல்லது? நோட்டில் புதிய பக்கம் திறந்தது.

நிச்சயதார்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கையில் புல் முழங்காலைத் தொட்டது. காலையில் பத்மப்ரியா வாசற்படியில் வந்து நின்று அதைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்பா, ஆவணியாக்கும். ஒரு ஹாலும் காலி இல்ல, எல்லா எடத்துலயும் கூப்பிட்டுக் கேட்டாச்சு. சாயோட அம்மா மடிசாரோட இந்தக் காட்டுல எங்க உக்காருவா? நான் அவாகிட்ட என்ன சொல்லட்டும்?"

மகள் அழுதால் தாங்குவாரா? "இன்னிக்கு வாங்கிண்டுதான் ஆத்துக்கு வருவேன், சத்தியம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போகிற வழியில் பழவங்காடியில் இறங்கி, மனம் அலைபாயக் கூடாதென்று பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார். (எந்தத் தேங்காய் என்று பொறுக்கியதில் முக்கால் மணி நேரம் போனது. உடைகிற தேங்காய்தானே என்று நீங்களும் நானும் நினைப்போம்.)

கடையில் ஷைஜு ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, பெயரும் எழுதிவிட்டார். வெங்கடேஸ்வரன் கை சட்டைப்பையை எட்டியது. எட்டிய கை அங்கேயே நின்றது.

"ஷைஜு, ஓணத்துக்குப் புது மாடல் ஏதாவது வருமோ?"

பொய் சொல்லத் தெரியாத ஆள் ஷைஜு. "வரும், சாரே" என்று சொல்லிவிட்டார்.

வெறுங்கையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, மகளிடம் என்ன சொல்வது என்று வார்த்தைகளை ஒப்பிட்டுக்கொண்டே வந்த வெங்கடேஸ்வரனின் காதில், வாசல் கேட்டருகே வரும்போதே டர்ர்ர் என்று சத்தம் விழுந்தது. முக்கால் தோட்டம் மொட்டையாகியிருந்தது. தோளில் பட்டை மாட்டி, காடுவெட்டி மெஷினை வலமும் இடமுமாக வீசிக்கொண்டிருந்தார் ஆறுமுகசாமி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தோட்ட வேலை செய்கிறவர். லலிதாம்பாள் வராந்தாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நான்தான் கூப்பிட்டேன். வந்து ரெண்டு மணி நேரம்தான் ஆச்சு" என்றார், தலை நிமிராமல்.

வெங்கடேஸ்வரனுக்கு வெட்கமாக இருந்தது; அதைவிட நிம்மதியாக இருந்தது. ஆனால் சுபாவம் விடுமா? நேரே ஆறுமுகசாமியிடம் போனார்.

"இது எத்தனை சிசி? எங்க வாங்கினேள்? எத்தனை மாடல் பார்த்தேள்?"

ஆறுமுகசாமி மெஷினை அணைத்தார். "கடைக்குப் போனேன், இருந்துச்சி, வாங்கிட்டேன் ஐயா. வேற எதுக்கு பாக்கணும்?"

நிச்சயதார்த்தம் நன்றாகவே நடந்தது. புல் அங்கங்கே புதுச் சவரக்காரர் கைபட்ட தலை மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. சாயின் அம்மா மடிசாரோடு சௌகரியமாக உட்கார்ந்தார். பத்மப்ரியா சிரித்தபடியே இருந்தாள். சாயின் அப்பாவோ, "லான் பிரமாதம். என்ன மெஷின் வெச்சிருக்கேள்?" என்று கேட்டுத் தொலைத்தார். லக்னப் பத்திரிகை வாசிக்கும் நேரம் வரைக்கும் பின்சக்கரங்களின் விட்டம் பற்றி வெங்கடேஸ்வரன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

எல்லோரும் போன பிறகு, புல்தரையில் கிடந்த நாற்காலிகளில் கணவனும் மனைவியும் உட்கார்ந்தார்கள். வெங்கடேஸ்வரன் மெல்ல ஆரம்பித்தார்.

"சாய் நல்ல பையன்தான். ஆனாலும், இன்னும் ஒரு நாலு வரன் பார்த்திருக்கலாமோன்னு..."

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தன்னிக்கும் நீங்க இதையேதான் சொன்னேள்" என்றார் லலிதாம்பாள். "பஜ்ஜியும் தின்னுட்டு, 'பார்க்கலாம்'னேள். நான் உள்ளேந்து கேட்டுண்டிருந்தேன். 'மதிடா, எழுந்துரு, இவதான்'னு சொன்னது உங்கம்மா."

முப்பத்து நான்கு வருஷத்தில், இந்த ஒரு விஷயத்தில்தான் வெங்கடேஸ்வரனைப் பார்த்து 'இதையோ?' என்று ஒருவரும் கேட்டதில்லை. அதுவும் அவர் தேர்ந்தெடுத்ததல்ல. மனைவி கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் அந்த அம்மாள் எழுந்து நாற்காலிகளை மடக்கப் போய்விட்டார்.

புல் இப்போது மறுபடி கணுக்காலுக்கு வந்திருக்கிறது. நோட்டும் வெளியே வந்திருக்கிறது.

சிரிக்கிறீர்களே, நீங்கள் அப்படியில்லை, தெரியும். உங்கள் செல்பேசியில் எட்டு மாதமாக 'பிறகு வாங்க' என்று போட்டு வைத்த மிக்ஸி வேறு விஷயம். போன வாரம் ஓட்டலில் பட்டியலை இரண்டு தரம் படித்து, பக்கத்து மேசைக்காரர் இலையை எட்டிப் பார்த்து, கடைசியில் சாதா தோசை சொன்னதும் வேறு விஷயம். பக்கத்தில் ஒருவர் உங்கள் பதிலுக்காகக் கொஞ்ச நாளாகக் காத்திருக்கிறாரே, அதையும் நான் கேட்கவில்லை. இதைப் படிக்கும்போதே, அடுத்த பக்கத்தில் இதைவிட நல்லதாக ஏதாவது இருக்குமோ என்று உங்கள் விரல் தாளின் ஓரத்துக்கு இரண்டு தரம் போய்த் திரும்பியதை மட்டும் பார்த்தேன். இருக்கலாம். ஆனாலும் இன்றைக்கு இது மதி.