பத்துக் கவரும் ஓர் எடைக்கல்லும்

முப்பத்து நான்கு வருடம் ஒரே வேலையைப் பார்த்த மனிதனிடம் ரிட்டயர்மென்ட் பணத்தை மொத்தமாகக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அந்தப் பணத்தையும் அவன் ஆபீஸ் வேலையாக மாற்றிவிடுவான். நான் பார்த்த வேலை, சந்தேகப்படுவது. மிகைப்படுத்தவில்லை, சம்பளமே அதற்குத்தான். அழுத்தமானி, வெப்பமானி, தராசு என்று எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்கு எந்தக் கருவி வந்தாலும், அது காட்டுகிற எண் உண்மைதானா என்று சோதிப்பேன். உண்மை என்றால் பச்சை ஒட்டுச்சீட்டு, இல்லையென்றால் சிவப்பு. கேலிப்ரேஷன் என்பார்கள்.

இந்தப் புத்தி ஐந்து மணிக்கு ஆபீஸோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன்காரம்மா என்னைப் பார்த்ததும், தட்டைத் துடைத்து, காலித் தராசில் சைபர் காட்டிவிட்டுத்தான் மீனையே கையில் எடுப்பார். (கல்யாணத்தன்றே தாலியின் எடையைக் கேட்டவன் நான் என்று என் மனைவி கலா சொல்வாள். அபாண்டம். மறுநாள்தான் கேட்டேன்.)

ரிட்டயர் ஆனதும் கலா வைத்த கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்.

"பாதிய பேங்க்ல போடுங்க. மீதிக்கு பவுனு வாங்கி வெச்சிடுங்க. நாளைக்கு ஆஸ்பத்திரி, அது இதுன்னா ரகு கிட்ட போய் நிக்கக் கூடாது."

ரகு எங்கள் ஒரே மகன். ஓசூரில் வேலை பார்க்கிறான். கேட்டால் கொடுப்பான். கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவள் கவலை. கருங்குழியில் அவள் அப்பா, கடைசி இரண்டு வருடம், மாத்திரை வாங்கித் தர யாராவது வருவார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை அவள் மறக்கவில்லை. அதனால் இந்தத் தங்கம் வெறும் தங்கமில்லை, எங்கள் இருவருடைய மானம் என்று எனக்கும் புரிந்தது. புரிந்தது என்பதுதான் பிரச்சினை. புரியாதவன் என்றால் அன்று சாயங்காலமே போய் வாங்கி வந்திருப்பான்.

நகை வேண்டாம் என்பதை முதலில் முடிவு செய்தேன். செய்கூலி, சேதாரம் என்று கடைக்காரருக்குப் போவது போக மீதிதான் நமக்கு. காசாக வாங்குவதே புத்திசாலித்தனம். ஆனால் எந்தக் காசு? கம்ப்யூட்டரில் ஒரு அட்டவணை போட்டேன். பதினான்கு பத்திகள். பேங்கில் விற்கும் காசு, நகைக்கடைக் காசு, இருபத்திரண்டு காரட், இருபத்து நான்கு காரட், லட்சுமி போட்டது, ஒன்றும் போடாதது, ஒரே பெரிய காசு, பல சின்னக் காசு. எதிர்வீட்டுக்காரர் சொன்னாரே என்று கங்காரு போட்ட வெளிநாட்டுக் காசுக்கும் ஒரு வரி ஒதுக்கினேன். கடைசி வரியில், நீதி நியாயத்துக்காக, 'நகை' என்று எழுதி அந்த வரி முழுவதற்கும் சிவப்பு அடித்தேன்.

கலாவின் தம்பி ஏழுமலை வந்தான். கருங்குழியில் இரண்டு மினி லாரி வைத்து ஓட்டுகிறவன். அட்டவணையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இன்னா மாமா இது, ஆயில் மாத்தறதுக்குக்கூட இவ்ளோ யோசிக்க மாட்டாங்க. தங்கம் தங்கம்தானே?"

"கங்காருவும் லட்சுமியும் ஒண்ணா ஏழுமலை?"

"அக்கா, மாமாவ எதுனா கோயிலுக்குக் கூட்டினு போ" என்று சமையலறையைப் பார்த்துச் சொன்னான்.

நான் அசரவில்லை. பேங்குக்குப் போய் அரைமணி நேரம் கேள்வி கேட்டேன். அந்த அதிகாரி கடைசியில், "சார், நாங்க விக்க மட்டும்தான் செய்வோம், திரும்ப வாங்க மாட்டோம்" என்றார். முதல் கேள்வியிலேயே இதைச் சொல்லியிருக்கலாம். பேங்க் வரிக்குச் சிவப்பு. இருபத்திரண்டு காரட் காசு, பின்னால் நகையாக மாற்றத்தான் தோது என்றார்கள். நாம்தான் நகையே வேண்டாம் என்கிறோமே, அதற்கும் சிவப்பு. கங்காருவை இந்தப் பக்கத்தில் யார் வாங்குவார்கள் என்று எதிர்வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. இப்படி நான் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்த மூன்று மாதத்தில் தங்கம் விலை ஏறிய ஏற்றம் இருக்கிறதே, அதற்கு மட்டும் நான் அட்டவணை போடவில்லை. கலா தினமும் பேப்பரில் விலையை வாய்விட்டுப் படிப்பாள். வேறு ஒன்றும் சொல்ல மாட்டாள். அது திட்டுவதைவிட மோசம்.

கடைசியில் செங்கல்பட்டில் ஒரு நகைக்கடையில், இருபத்து நான்கு காரட், எட்டு கிராம் காசு பத்து வாங்கினேன். ஆளுக்கொரு படுக்கை கொடுத்த மாதிரி, ஒவ்வொன்றும் தனித்தனி கெட்டி பிளாஸ்டிக் கவருக்குள் சீல் வைத்து இருந்தது. கவரோடு கொண்டுவந்தால் அன்றைய விலைக்கு மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்வார்கள். கவர் பிரிந்துவிட்டால் உரைத்துப் பார்த்து, கழிவு போட்டுத்தான். கவுன்டரில் இருந்த பெண் இதை இரண்டு முறை சொன்னாள். கவரிலும் அச்சடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து பத்தையும் மேசைமேல் வரிசையாக வைத்தேன். கலா ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கவரைப் படித்தேன். 'எடை 8.000 கிராம்.' யார் நிறுத்தார்கள்? எந்தத் தராசில்? அந்தத் தராசைச் சோதித்தது யார்? அதோடு, பிரிக்காதே பிரிக்காதே என்று ஏன் இத்தனை முறை சொல்கிறார்கள்? மடியில் கனமில்லை என்றால் வழியில் என்ன பயம்?

மறுவாரமே ஆன்லைனில் ஒரு குட்டி எலெக்ட்ரானிக் தராசு வந்து இறங்கியது. கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும். கலா மத்தியானம் ரேஷன் கடைக்குப் போனதும் வேலையை ஆரம்பித்தேன். ஜன்னலைச் சாத்தினேன். காற்று பட்டால் அளவு ஆடும் என்பதால் ஃபேனை நிறுத்தினேன். மேசை சமமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு தட்டில் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். (இவ்வளவும் செய்தேன். இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும்.) பிறகு கத்தரிக்கோலை எடுத்து முதல் கவரை வெட்டினேன்.

7.97.

ஒரு அளவை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வரக் கூடாது என்பது தொழில் தர்மம். இரண்டாவதை வெட்டினேன். 7.97. மூன்றாவது, 7.97. இந்நேரம் ஒரு சாதாரண மனிதன் நிறுத்தியிருப்பான். நான் விஞ்ஞான வாசனை பட்டவன், பத்தையும் வெட்டினேன். பத்தும் 7.97. காசுக்கு முப்பது மில்லிகிராம் திருட்டு! ஊரில் எத்தனை பேர் வாங்குகிறார்கள், அத்தனை பேருக்கும் முப்பது மில்லி என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். வியர்த்துக் கொட்டியது. ஃபேன் நிறுத்தியிருந்ததும் ஒரு காரணம்.

ரேஷன் பையோடு உள்ளே வந்த கலா, மேசைமேல் கிடந்த பிளாஸ்டிக் துண்டுகளைப் பார்த்தாள்.

"இன்னாங்க இது?"

"ஏமாத்திட்டாங்க கலா. பத்துலயும் எடை கம்மி."

"அதுக்கு பத்தையுமா கிழிச்சீங்க?" என்றாள். பையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் நியாயம் என் பக்கம் இருந்தது. நியாயம் பக்கத்தில் இருக்கும்போது மனிதன் கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்து நிற்கிறான்.

மறுநாள் காலை ஏழுமலையின் மினி லாரியில் மூன்று பேரும் செங்கல்பட்டுக்குப் போனோம். என் மடியில் தராசுப் பெட்டி, பத்துக் காசு, அதோடு நான் டைப் செய்த இரண்டு பக்க அறிக்கை. (தலைப்பு: 'எடைக் குறைவு குறித்த ஆய்வு'. கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டிருந்தேன்.) கடையில் முகூர்த்தக் கூட்டம். கல்யாண நகை எடுக்க ஒரு குடும்பமே வந்து நாற்காலிகளை நிறைத்திருந்தது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கவுன்டருக்குப் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன்.

"மக்களை ஏமாத்தறதுக்கு ஒரு அளவு இருக்கு. ஆனா உங்ககிட்ட அந்த அளவும் சரியில்ல!"

(இந்த வசனத்தை லாரியில் வரும்போது நான்கு முறை சொல்லிப் பார்த்திருந்தேன்.)

கல்யாணக் குடும்பம் நகையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. அதில் ஒரு பெரியவர் கருங்குழிக்காரர் போலிருக்கிறது.

"இன்னா ஏழுமல, யாரு அது? ஒங்க மாமாவா?"

"இல்லண்ணா, சவாரி" என்றான் ஏழுமலை.

கவுன்டரில் அதே பெண். கோபப்படவில்லை. ஒரு காசை எடுத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த தராசில் வைத்தாள். 8.000. அடுத்தது, 8.001. அடுத்தது, 8.000. உங்கள் தராசை எப்படி நம்புவது என்றேன். அதன் பக்கவாட்டில் இருந்த அரசாங்க முத்திரையைக் காட்டினாள். இந்த வருட முத்திரை. என் குரல் பாதியாகிவிட்டது.

"நீங்க எதுல சார் நிறுத்தீங்க?"

பெட்டியைக் கொடுத்தேன். திறந்து தராசை வெளியே எடுத்தாள். அதற்கடியில் இருந்த தெர்மாகோலையும் தூக்கினாள். அங்கே ஒரு குழியில், பிளாஸ்டிக் கவருக்குள், ஒட்டின டேப் ஒட்டினபடி, ஒரு சின்ன உருண்டை எஃகு எடைக்கல் இருந்தது. நூறு கிராம். பெட்டியின் அடியில், 'முதலில் இந்த எடைக்கல்லை வைத்துத் தராசைச் சரிசெய்த பிறகே பயன்படுத்தவும்' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது.

"சார், இத நீங்க பிரிக்கவே இல்லையே?"

முப்பத்து நான்கு வருடம் நான் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் கரும்பலகையில் முதல் நாள் எழுதிப் போட்ட பாடம் ஒன்று உண்டு. எல்லா அளவும் ஒரே பக்கமாக, ஒரே அளவு தப்பினால், பொருளைச் சந்தேகிக்காதே, கருவியைச் சந்தேகி. பத்துக் காசும் அச்சுப் பிசகாமல் 7.97. உலகத்துத் தராசையெல்லாம் சந்தேகப்பட்டவன், தான் காசு கொடுத்து வாங்கிய தராசை மட்டும் பெற்ற பிள்ளை மாதிரி நம்பியிருக்கிறேன். வேண்டுமானால் கல்லைப் பிரித்து என் தராசில் வைத்துக் காட்டட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். வேண்டாம் என்றேன். சாவுக்குக் காரணம் தெரிந்த பிறகு போஸ்ட்மார்ட்டம் எதற்கு?

ஏழுமலை அந்தக் கல்லை எடுத்து என் முன்னால் வைத்தான். "பிரிக்கக் கூடாதுன்னு எழுதியிருந்த பத்தையும் பிரிச்சிட்ட. பிரின்னு எழுதியிருந்தது ஒண்ணே ஒண்ணு. அத்த மட்டும் பத்திரமா வெச்சினு கீற. இன்னா மாமா நீ!"

மாமா என்று சொல்லிவிட்டதை அவன் கவனிக்கவில்லை. கருங்குழிப் பெரியவர் கவனித்தார். கல்யாணப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தது.

மேனேஜர் வந்தார். நல்ல மனிதர், அறிக்கையை முழுவதும் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்று திருப்பிக் கொடுத்தார். காசு அவர்கள் கடையில் வாங்கியதுதான், ஆனால் சீல் இல்லாததால் இனி எப்போது கொண்டுவந்தாலும் உரைத்துப் பார்த்துக் கழிவு போட்டுத்தான் எடுக்க முடியும் என்றார். வேறு கடையில் இன்னும் கேள்வி கேட்பார்கள் என்றார். நான் கலாவைப் பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் கத்தரிக்கோலால் வெட்டி வைத்திருக்கிறேன்.

அவள் காலியான ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் பத்தையும் எடுத்துக்குங்க. வளையலாக் குடுங்க."

"கலா, செய்கூலி, சேதாரம்..." என்றேன்.

"இருக்கட்டும்."

"அது சிவப்பு வரி கலா."

"கவர்ல வெச்சா நீங்க பிரிப்பீங்க. கைல போட்டுக்கினா எப்டிப் பிரிப்பீங்க? ஆஸ்பத்திரின்னா கழட்டிக் குடுக்கறேன். அதுவரைக்கும் என் கைல கெடக்கட்டும்."

ஆறு வளையல்கள். கழிவு, செய்கூலி, சேதாரம் எல்லாம் போக எவ்வளவு நஷ்டம் என்று எனக்கு மில்லிகிராம் சுத்தமாகத் தெரியும். இங்கே சொல்லப்போவதில்லை. திரும்பி வரும் வழியில் கலா ஜன்னலோரம் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளாக வளையல் வேண்டும் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஏன் கேட்டிருப்பாள்? வீட்டில் ஒரு ஆள் எப்போதும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தால் யார்தான் கேட்பார்கள்? அது அன்றைக்கு எனக்கு நன்றாகவே உறைத்தது.

அதற்குப் பிறகு வீட்டில் நான் எதையாவது சந்தேகப்பட்டால், கலா பதில் சொல்வதில்லை. எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்காருவாள். கேஸ் பில்லில் சந்தேகமா, ஃபேன். டாக்டர் சொன்ன ரத்த அழுத்தத்தில் சந்தேகமா, ஃபேன். ரகு போனில் கேட்கிறான், "அம்மா, அப்பாவுக்கு வேர்க்குதா இப்ப?"

போன மாதம் திருக்கழுக்குன்றத்தில் எனக்கு, நாள் தள்ளிப்போன அறுபதாம் கல்யாணம். பிறந்த வீட்டுச் சீர் என்று ஏழுமலை தட்டு கொண்டுவந்தான். வேட்டி, சட்டை, பழம், பாக்கு, நடுவில் வண்ணக் காகிதம் சுற்றிய சின்னப் பொட்டலம். "மாமா, இத்த மட்டும் மறக்காம பிரிச்சிடு" என்று சபையில் சத்தமாகச் சொன்னான். கருங்குழி சனம் மொத்தமும் முன்னாலேயே சிரிக்கத் தயாராக இருந்தது. பக்கத்தில் ஆறு வளையலும் குலுங்க, கலாதான் முதலில் சிரித்தாள்.

காகிதத்தைப் பிரித்தேன். உள்ளே அந்த எடைக்கல். அதே பிளாஸ்டிக் கவரில், அதே டேப்போடு. பீரோமேல் நான் தூக்கிப் போட்ட பெட்டியிலிருந்து கலாதான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

இப்போது அது எங்கள் சாமி அலமாரியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கலா அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைக்கிறாள். கவர்மேல் நூறு கிராம் என்று போட்டிருக்கிறது. நூறாகத்தான் இருக்கும். நான் நிறுத்துப் பார்க்கவில்லை.