பட்டையோடு ஒரு பெஞ்சு

கல்யாணமான புதிதில், அதிகம் வேலையும் இல்லாமல் அடக்க ஆளும் இல்லாமல் இருக்கும் ஒரு பெண்ணின் கையில் வெளிநாட்டுப் பத்திரிகையைக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதை விருத்தாசலத்தில் எங்கள் தெருவே வேடிக்கை பார்த்தது. எழுபதுகளின் தொடக்கம் அது.

என் வீட்டுக்காரர் அப்போது ஒரு பீங்கான் பட்டறையில் சூளையைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி. (வெளியாட்களிடம் 'சூப்பர்வைசர்' என்றுதான் சொல்வேன்.) கைப்பிடி கோணிய கப்பு, மூடி பொருந்தாத ஊறுகாய் ஜாடி என்று பட்டறையில் கழித்துப்போட்ட சாமான்களெல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வந்து சேரும். அவற்றுக்கு நடுவே, கடலூரில் காலேஜ் படித்த நான். அதை யாரும் கேட்காவிட்டாலும் நானே சொல்லிவிடுவேன். கூடைக்காரியிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். "அதுக்காவ கத்திரிக்கா பூச்சி இல்லாம காய்க்காதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பட்டறை முதலாளியின் மனைவி பார்த்துவிட்டுத் தூக்கிப்போட்ட பத்திரிகை ஒன்று எப்படியோ என்னிடம் வந்தது. அதில் ஒரு படம். மரத்தை நெடுக அறுத்து, ஓரத்தைச் சீவாமல், வளைவு, முடிச்சு, பட்டை எல்லாவற்றையும் அப்படியே விட்டுச் செய்த நீளமான பெஞ்சு. அதில் ஒரு வெள்ளைக்காரி உட்கார்ந்து, ரசனை என்பது தனக்கு மட்டுமே வாய்த்தது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது. பெஞ்சு வந்தால் பார்வை தானாக வந்துவிடும் என்பது என் கணக்கு.

சமயமும் வாய்த்தது. என் நாத்தனார் வசந்தாவைப் பெண் பார்க்கப் பெண்ணாடத்திலிருந்து வருவதாகத் தகவல். கரும்பு, டிராக்டர், மாடி வீடு. இந்த இடம் மட்டும் அமையட்டும் என்று என் மாமியார் பழமலைநாதர் கோயிலே கதி என்று கிடந்தார்.

"வர்றவங்கள பாயிலயா உக்கார வைப்பீங்க?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். வாடகை நாற்காலி எடுக்கலாம் என்றார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் என்னிடமிருந்த ஒரே பலமான வாதம் அது.

தனகோடி ஆசாரியை வரவழைத்தோம். தான் செய்த கதவைப் பற்றித் தானே மணிக்கணக்கில் பேசக்கூடிய மனிதர். கதவு சாத்தாது, பேச்சு நிற்காது. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யம்மா, இது பாதி வேலையில போட்டோ புடிச்சிருக்காங்க. ஆசாரி சோறு துன்னப் போயிருப்பான்."

"இல்லீங்க ஆசாரி, வேலை முடிஞ்சதே இப்பிடித்தான். இயற்கை அழகு."

"சீவுனாத்தானம்மா அழகு?"

கடைசியில் தலையாட்டினார். அடுத்த வாரம் பெஞ்சு வந்தது. பூவரசம் பலகை, வழவழவென்று இழைத்து, நாலு ஓரமும் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. "பட்டை அசிங்கமா இருந்துச்சும்மா. சரி பண்ணிட்டேன்" என்றார் பெருமையாக.

"நல்லாத்தான இருக்குது? இதுல குந்துனா ஆவாதா?" என்றார் மாமியார்.

"இது ஸ்கூல் பெஞ்சு அத்தை!" என்று சொல்லி அழுதேன். பெஞ்சுக்காக ஒருத்தி அப்படி அழுததை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்திருக்காது. கைக்கு வந்த நல்ல பெஞ்சைத் திருப்பி அனுப்பினேன். நான் என்ன செய்கிறேன் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அந்த வயதில் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

ஆசாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "பட்டதான வேணும்? பட்டையாவே தரேன்" என்று போனவர், பெண் பார்க்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம் மாட்டு வண்டியில் ஒரு பலாப் பலகைப் பெஞ்சை ஏற்றி வந்தார். ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம், நடுவில் பெரிய முடிச்சு, இரண்டு ஓரமும் முதலைத் தோல் போலப் பட்டை. மேலே பளபளவென்று வார்னிஷ்.

"மரம் காஞ்சுதுங்களா?"

"காஞ்சு கலகலன்னு இருக்குதும்மா! எங்க வூட்டுப் பரணுல வருசக்கணக்கா கெடந்தது."

(அந்த மரம் அதற்குச் சில நாள் முன்புவரை பண்ருட்டிப் பக்கத்துத் தோப்பில் காயும் பிஞ்சுமாக நின்றுகொண்டிருந்தது என்பது பிறகு தெரிந்தது.)

தெருவே வந்து பார்த்தது. "ஆசாரி பாதியில கோச்சிக்கினு பூட்டானா?" என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டார். "கைல காசு தீந்துபூடுச்சா?" என்று இன்னொருவர். ஒவ்வொருவருக்கும் இயற்கை அழகை விளக்கினேன். கேட்டவர்கள் எல்லோரும் மாமியாரைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

மறுநாள் கத்திரி வெயில். மாப்பிள்ளை, அவன் அம்மா, தாய்மாமன் மூவரும் வந்தார்கள். மாப்பிள்ளை முகத்தில் பவுடரை அப்பியிருந்தான். கறுப்புக் கண்ணாடியை வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. மூவரையும் பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்தேன்.

"நீங்க மரத்த உரிக்கிறதுக்குள்ள நாங்க வந்துட்டமா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"இது பாரின் ஸ்டைலுங்க" என்றேன், அந்த வெள்ளைக்காரியின் பார்வையோடு.

கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, வசந்தா வந்து கும்பிட்டாள். டைப்ரைட்டிங் படிக்கிறாளாமே, வேலைக்கெல்லாம் அனுப்பமாட்டோம் என்றாள் அந்த அம்மாள். மாப்பிள்ளை மூன்றாவது பஜ்ஜியை எடுத்துக்கொண்டான். நேரம் போனது. மூன்று பேரின் கனமும் வெயிலின் சூடும் சேர்ந்து பலகைக்குள் என்ன செய்துகொண்டிருந்தன என்று யாருக்கும் தெரியாது.

"சரிங்க, ஊருக்குப் போயி சொல்லி அனுப்புறோம்" என்று தாய்மாமன் எழுந்தார். அவர் எழுந்தார், வேட்டி எழவில்லை. எழுந்ததைவிட வேகமாக உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை எழப் பார்த்தான். டர்ர்ரென்று ஒரு சத்தம். அப்படியே நின்றுவிட்டான், பாதி உட்கார்ந்தும் பாதி எழுந்தும். வார்னிஷ் இளகி, அதன் அடியிலிருந்து பலாப்பால் கசிந்து, பெண்ணாடத்துச் சம்பந்தத்தை எங்கள் வீட்டோடு கெட்டியாக ஒட்டிவிட்டிருந்தது.

"யாரும் அசையாதீங்க!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர், சூளை வெடித்ததைப் போல. நான் அசையவில்லை. ஒட்டாமலே ஒட்டிப்போய் நின்றேன். வசந்தாதான் உள்ளே ஓடி, பலாப்பழம் அறுக்கும்போது எடுப்பது போலவே, ஒரு கிண்ணம் தேங்காய் எண்ணெயும் கத்தியும் கொண்டு வந்தாள்.

அப்போதுதான் மாப்பிள்ளை வாயைத் திறந்தான். எங்களைத் திட்டியிருந்தால் நியாயம். அவன் தன் அம்மா பக்கம் திரும்பினான்.

"எல்லாம் உன்னாலதான், மூதேவி! இந்த வூடு வேணாம்னு அப்பவே சொன்னனா இல்லியா? நகை போடுறாங்கன்னதும் நாக்கத் தொங்கப்போட்டுக்கினு என்னையும் இழுத்தாந்துட்ட. வூட்டுக்கு வா, உனக்கு இருக்குது!"

அதுவரை கம்பீரமாக இருந்த அந்த அம்மாளின் முகம் சுருங்கிப் போயிற்று. இது அவளுக்குப் புதிதல்ல என்பது பார்த்தாலே தெரிந்தது. தாய்மாமன் விட்டத்தைப் பார்த்தார்.

வசந்தா அந்த அம்மாள் பக்கத்தில் மண்டியிட்டு, பட்டுப்புடவையில் எண்ணெயை விட்டு, நூல்கூட இழுபடாமல் மெதுவாகப் பிரித்தெடுத்தாள். பிறகு மாமனை. மாப்பிள்ளையின் முறை வந்ததும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"எண்ணெ தீந்துபோச்சு" என்றாள். கிண்ணத்தில் பாதிக்கு மேல் இருந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

அவன் ஒரே இழுப்பாக எழுந்தான். பேண்ட்டின் முக்கியமான பாகம் பெஞ்சிலேயே தங்கிவிட்டது. என் வீட்டுக்காரரின் களிமண் கறை படிந்த பட்டறை வேட்டியைச் சுற்றிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு பஸ்ஸுக்கு நடந்தான்.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் மாமியார் என் மேல் பாய்ந்தார். "குடியைக் கெடுத்துட்டியேடி! எம்பொண்ணு வாழ்க்கைய ஒரு பலகையில வச்சு அறுத்துட்டியே!" இந்த முறை எனக்கு வந்தது நிஜமான அழுகை.

"ந்தாம்மா, அண்ணிய எதுக்குத் திட்டுற?" என்றாள் வசந்தா. "பெத்தவளையே நாலு பேரு எதுருல அப்பிடிப் பேசுறவன் என்னை எப்பிடிப் பேசுவான்? வாடகை நாற்காலி போட்டிருந்தா இந்நேரம் தட்டு மாத்தியிருப்பீங்க."

மாமியாருக்கு அது புரிந்தது. ஆனாலும் தீபாவளி வரைக்கும் என் குழம்பில் உப்பு சரியாக இருந்ததாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆசாரியோ மறுநாளே வந்து, பால் வற்றவில்லை என்று தான் தலைபாடாக அடித்துக்கொண்டதாகவும், நான்தான் கேட்கவில்லை என்றும் தெருவெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்.

வசந்தா டைப்ரைட்டிங் முடித்து வேலைக்குப் போனாள். பின்னர் நல்லூர்க்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர்.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்கு வரன் வந்தாலும் வசந்தாவிடமிருந்து போன் வந்துவிடும். போன வருடம் என் பேத்திக்கு ஒரு இடம் வந்தது. பையனின் படிப்பு, சம்பளம், ஜாதகப் பொருத்தம் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் உம் கொட்டிவிட்டுக் கேட்டாள்:

"அதெல்லாம் கெடக்கட்டும் அண்ணி. ஒட்டிப் பாத்தீங்களா?"