ஆமைக் காவலர்

எதிர்ச்சாரிப் பயிற்சி மையத்தின் மாத இதழைத் தன் பயிற்சி மைய மேசைமேல் உமாசங்கர் சார் விரித்துப் போட்டபோது, பவேஷ் மிஸ்ராவுக்குத் தன் சட்டையை அடுத்தவன் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்த மாதிரி இருந்தது. போன மாதம் தங்கள் இதழில் அவசரத்தில் ஒரு மலையேறும் பெண்ணின் வயதை எழுபத்திரண்டு என்று எழுதிவிட்டான். உண்மையில் இருபத்தேழு. எதிர்ச்சாரி லாலன் சாரின் இதழிலும் அவள் எழுபத்திரண்டு வயதில்தான் சிகரம் ஏறியிருந்தாள். போதாக்குறைக்கு, முதுமை ஒரு தடையே அல்ல என்று பக்கத்தில் பாராட்டு வேறு.

“திருடட்டும், வேணாங்கல. கண்ணைத் தொறந்துகிட்டுத் திருடக் கூடாதா?” என்றார் உமாசங்கர்.

பாட்னாவில் எங்கள் சந்தில் திருட்டு என்றால் இதுதான். அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் லாட்ஜுக்கு லாட்ஜ் அடைந்து கிடக்கிறார்கள். யார் எந்த விருது வாங்கினார், எந்த நாட்டில் எந்த மாநாடு நடந்தது என்று நாட்டு நடப்பை மாதாமாதம் மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வைத் தள்ளிவைத்தால் மனப்பாடம் செய்ததெல்லாம் ஊசிப்போய்விடும், மறுபடி முதலிலிருந்து. அவர்களுக்காக ஒவ்வொரு மையமும் ஓர் இதழ் போடுகிறது. எழுதுகிறவன் ஒருவன். மீதிப் பேர் பார்த்து எழுதுகிறவர்கள்.

அந்த ஒருவன் பவேஷ். அவனும் படிக்க வந்தவன்தான். பலமுறை எழுதியும் தேறாததால் உமாசங்கரிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வயது வரம்பு நெருங்கிவிட்டது. வரப்போகிற நலத்துறை அதிகாரித் தேர்வுதான் கடைசி வாய்ப்பு. மனைவி ரஞ்சனா தர்பங்காவில் தன் அப்பா வீட்டில் இருந்தாள். அங்கே போகும்போதெல்லாம் மாப்பிள்ளைக்குக் குறையில்லாமல் ரோகு மீனும் வறுவலும் தயிரும் பரிமாறுவார்கள். வேலை என்ன ஆச்சு என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டிருந்தால் தேவலை.

உமாசங்கர் அன்று ஒரு வழி சொன்னார்.

“பவேஷ் பாபு, அடுத்த இதழ்ல ஒரு பொய்யை வை. உலகத்துலயே நாம மட்டும் போடற பொய்யா இருக்கணும். அவன் அதை எடுத்தான்னா கையும் களவுமா மாட்டினான்.”

பவேஷ் தேசிய ஆமைக் காவலர் விருது என்று ஒன்றைப் படைத்தான். பெற்றவர் பெயருக்குத்தான் சிரமப்பட்டான். கற்பனைப் பெயர் எதை எழுதினாலும் கற்பனையாகவே தெரிந்தது. கடைசியில் மாமனார் பெயரைப் போட்டுவிட்டான். பேராசிரியர் ஹிருதயநாராயண் ஜா, தர்பங்கா. மனிதர் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர். விடைத்தாள் கட்டுகளும் சிவப்புப் பேனாவும்தான் அவர் உலகம். குளத்தில் கால் நனைக்கவே பயப்படுவார்.

லாலன் சார் எடுத்தார். உமாசங்கருக்கு ஒருநாள் பூரா சந்தோஷம். மறுநாள் வக்கீலிடம் போய்விட்டுத் தொங்கிய முகத்தோடு திரும்பினார். திருட்டை நிரூபிக்க வேண்டுமானால், பிள்ளைகளுக்கு விற்ற இதழில் பொய் அச்சடித்தோம் என்று முதலில் நாம் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். அதற்குள் சந்திலுள்ள அத்தனை இதழ்களிலும் ஆமை ஊர்ந்து போய்விட்டது. யூடியூபில் ஒரு வாத்தியார் அதை ராகம் போட்டு ஒப்பித்தார்.

சரி, திருத்தம் போட்டுவிடலாம் என்றான் பவேஷ். அடுத்த இதழின் மூலையில், ஆமைக் காவலர் விருது ஹிருதயநாராயண் ஜாவிடம் இல்லை என்று பட்டும் படாமலும் ஒரு வரி போட்டான்.

பார்த்து எழுதுகிறவர்கள் யோசித்தார்கள். அவர்கள் யோசித்தது அந்த ஒருமுறைதான். போன மாதம் விருது அவரிடம் இருந்தது, இந்த மாதம் இல்லை. அப்படியானால் திருப்பிக் கொடுத்திருக்கிறார். விருது வாங்கியவரைவிடத் திருப்பிக் கொடுத்தவர் தேர்வுக்கு முக்கியம் அல்லவா? எல்லா இதழிலும் கட்டம் கட்டிப் போட்டார்கள். மணல் கொள்ளையைக் கண்டித்துத் திருப்பிக் கொடுத்தார் என்று ராகக்காரர் காரணமும் கண்டுபிடித்தார்.

பவேஷால் இதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு மத்தியானம் சந்தின் எதிர்ப்பக்கம் லாலன் சாரிடமே போய், அப்படி ஒரு விருதே கிடையாது, தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினான். லாலன் சார் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“உமாசங்கர் அனுப்பினாரா? என் பிள்ளைங்களுக்கு மட்டும் இந்தக் கேள்வி தெரியக் கூடாதாக்கும். அப்ப இது கண்டிப்பா வருதுன்னு அர்த்தம்.”

அடுத்த இதழில் ‘உறுதியாக வரும்’ பட்டியலில் ஆமைக்குத்தான் முதலிடம்.

தர்பங்காவில் நகர மன்றம் மாமனாரைப் பிடித்து உட்காரவைத்து, தலைப்பாகை சூட்டி, சால்வை போர்த்தி, மணல் கொள்ளையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியது. மாமனார் வாயே திறக்கவில்லையாம். அன்று சாயங்காலம் போன் செய்தார்.

“மாப்பிள்ளை, இந்த ஆமை விஷயம் உங்க கைவேலையா?”

பவேஷ் நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டான். திட்டுவார் என்று காத்திருந்தான். அவர் திட்டவில்லை.

“நான் மறுத்தா உங்க வேலை போயிடும். அதனாலதான் பேசாம உக்காந்திருந்தேன். நீங்களும் யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க. தேர்வுக்குப் படிங்க” என்று வைத்துவிட்டார்.

அந்த அன்பு அவனைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

ஆனால் பாராட்டுக்காரர்கள் விடவில்லை. பள்ளிக்கூடம், வங்கி, மீன் வியாபாரிகள் சங்கம் என்று வரிசை கட்டினார்கள். ஒருநாள் மாமனார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, எங்கே என்று யாரிடமும் சொல்லாமல் வெளியூர் போய்விட்டார். போனையும் அணைத்துவிட்டார். உங்க ஆமையால என் அப்பா ஊரைவிட்டே ஓடிட்டாரு என்று ரஞ்சனா அழுதாள். ஒரு வாரம் கழித்து வந்தவர், எங்கே போனேன் என்று சொல்லவில்லை. முகம் மட்டும் தெளிவாக இருந்ததாம்.

தேர்வு வந்தது. பவேஷ் நன்றாகவே எழுதிக்கொண்டிருந்தான். மாதாமாதம் அவனே எழுதிய சங்கதிகள், மறக்குமா? பாதிக்குமேல் தாண்டியபோது அந்தக் கேள்வி வந்து நின்றது. தேசிய ஆமைக் காவலர் விருதைத் திருப்பிக் கொடுத்தவர் யார்? வேறு இரண்டு பெயர்கள், மூன்றாவதாக ஹிருதயநாராயண் ஜா, கடைசியில் ‘இவர்களில் யாரும் இல்லை’.

சுற்றிலும் அத்தனை பேரும் மாமனாரைக் கறுப்பு மையால் நிரப்பிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். பின் பெஞ்சில் யாரோ ராகத்தை முணுமுணுத்தார்கள். பவேஷ் மட்டும் யோசித்தான். கேள்வி எழுதுகிறவர்கள் படித்தவர்கள். சந்து இதழைப் பார்த்துக் கேள்வி எழுதுவார்களா? விசாரித்து, பொய் என்று கண்டுபிடித்திருக்க வேண்டும். மனப்பாடக் கூட்டத்தைப் பிடிக்கத்தான் இந்தப் பொறி. தானும் பொறி வைத்தவன்தானே, தெரியாதா என்ன? அதோடு, வாழ்க்கையின் கடைசித் தேர்வில் தன் பொய்யைத் தானே பதிலாக எழுத அவனுக்குக் கை வரவில்லை. ‘யாரும் இல்லை’ என்பதை அழுத்தி நிரப்பினான். வெகுநாளைக்குப் பிறகு தன்மேல் அவனுக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

முடிவு வந்தபோது ஒரு மதிப்பெண்ணில் தவறிப் போயிருந்தான்.

விடைப் பட்டியலில் ஆமைக் கேள்விக்குச் சரியான விடை ஹிருதயநாராயண் ஜா.

மேல்முறையீடு செய்தான். பதினோரு இதழ்கள் ஒரே செய்தியைச் சொல்கின்றன, முதலில் வெளியிட்ட இதழின் ஆசிரியர் பெயர் பவேஷ் மிஸ்ரா, அந்த ஆதாரத்தை ஏற்கிறோம் என்று பதில் வந்தது. தேர்வு அலுவலகத்துக்கு நேரில் போய் நின்றான். எழுத்தர் காகிதத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏன் சார், நீங்க எழுதினதை நீங்களே நம்பலையா?” என்றவர், அவன் நின்ற நிலையைப் பார்த்துக் குரலை இறக்கினார். “சரி, ஒண்ணு பண்ணுங்க. சம்பந்தப்பட்டவரே, எனக்கு அப்படி விருது வந்ததே இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா எடுத்துக்குவாங்க. ஆனா அவரை எங்க போய்ப் பிடிப்பீங்க?”

பவேஷுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அடுத்த ரயிலிலேயே தர்பங்கா போனான்.

மாமனார் வீட்டில் வழக்கம்போல மீன் வைத்தார்கள். அவன் இலையைத் தொடாமல், தட்டச்சு செய்து கொண்டுபோன காகிதத்தை அவர் முன்னால் வைத்தான். ஒரு கையெழுத்துதான் மாமா, போட்டுவிட்டால் வேலை கிடைத்துவிடும், ரஞ்சனாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றான். கதவோரம் நின்ற ரஞ்சனா பேனாவைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தாள்.

மாமனார் இரண்டுமுறை படித்தார்.

“நீங்க எதைக் குறிச்சீங்க மாப்பிள்ளை?”

“யாரும் இல்லைன்னு குறிச்சேன் மாமா. உண்மை அதுதானே.”

மாமனார் பேனாவை மூடினார். மகளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

“நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? மத்ததெல்லாம் தப்பாப் போனாலும் இந்த ஒண்ணை நீங்க விட மாட்டீங்கன்னு நம்பித்தானே, வெளியூர்ல உங்க தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கக் கூப்பிட்டப்போ அந்தக் கேள்வியை நானே எழுதி வெச்சேன்.”